சோழவரம் ஓடுதளம்: ஓர் இரவற் களத்தின் வரலாறு

ஊர் வரலாறு எழுதப் புகுவோர் கல்வெட்டு, செப்பேடு, கோயில், கோட்டை ஆகியவற்றை முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளுதல் மரபு. அவை நிலைத்து நிற்பன. காலத்தால் எளிதில் அழியாதன. ஆயின் ஒரு தலைமுறைக்கு மேல் பல்லாயிரம் மக்களை ஆண்டுதோறும் ஈர்த்து, பின்னர் ஒரு தூணும் நில்லாது மறைந்த களங்களும் நம் நாட்டில் உள. அவற்றின் வரலாற்றை எவர் எழுதுவது? எச்சான்று கொண்டு எழுதுவது? சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் விளங்கிய மோட்டார்ப் பந்தயக் களம் இவ்வினாக்களை நம் முன் வைக்கின்றது. அதன் தோற்றம், வளர்ச்சி, முடிவு ஆகியவற்றை ஆராய்ந்து, அக்களம் எஞ்சவிட்டது யாது எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மோட்டார்ப் பந்தயம் தமிழாய்வுக்கு உரிய பொருளாகுமா எனச் சிலர் வினவக்கூடும். 'களம்' என்னும் சொல்லே அதற்கு விடை தரும். போர்க்களம், ஏர்க்களம், ஆடுகளம் என மூவகை நிலத்தையும் ஒரு சொல்லாற் குறித்தது தமிழ். தொல்காப்பியப் புறத்திணையியல் வாகைத்திணையில் உழவர் களத்தையும் தேர்வீரர் களத்தையும் அருகருகே வைத்து எண்ணுகின்றது. நெற்கதிர் குவியும் களமும் பகைவர் உடல் குவியும் களமும் ஒன்றற்கொன்று உவமையாதல் புறப்பாடல்களைக் கற்றோர் நன்கறிந்தது. சோழவரத்திலோ இது உவமை அளவில் நில்லாமல் உண்மை நிகழ்ச்சியாகவே ஆயிற்று. உழவூர்களின் நடுவே போருக்கென ஒரு களம் அமைந்தது. போர் ஓய்ந்தபின் அதுவே ஆடுகளம் ஆயிற்று.

ஒரு செய்தியை முதற்கண் தெளிவுபடுத்தல் வேண்டும். சோழவரம் சென்னையின் வடபுறத்தது. எனினும் அதன் வரலாற்றைத் தாம்பரத்தையும் அதனை அடுத்த தென்புறநகர்களையும் விடுத்து எழுதவியலாது. சோழவரம் பந்தயக் களமாக வாய்த்ததன் காரணத்தையும், அங்கே ஓடிய ஊர்திகளுட் சிலவற்றின் பிறப்பிடத்தையும், அப்பந்தயம் பின்னர்ச் சென்று தங்கிய இடத்தையும் அறிய விழைவோர் தெற்கு நோக்கியும் தென்மேற்கு நோக்கியும் செல்ல வேண்டியவராவர். ஆதலின் வடக்கையும் தெற்கையும் இணைத்தே இவ்வரலாறு ஈண்டுக் கூறப்படுகின்றது.

1. பெயரும் இடமும்

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் பெருஞ்சாலையை மக்கள் ஜி.என்.டி. சாலை என்றும், தெற்கே செல்வதை ஜி.எஸ்.டி. சாலை என்றும் வழங்குவர். முன்னதில் செங்குன்றத்தைக் கடந்து செல்வோர் சோழவரத்தை அடைவர். பின்னதில் பரங்கிமலை, மீனம்பாக்கம், பல்லாவரம் ஆகியவற்றைக் கடந்து செல்வோர் தாம்பரத்தை அடைவர்.

சோழவரம் என்னும் பெயர் சோழபுரம் என்பதன் திரிபு எனக் கொள்ளுதல் பொருந்தும். உயிர்களுக்கு இடையே நிற்கும் பகரம் பேச்சு வழக்கில் வகரமாதல் இயல்பு. பல்லவபுரம் பல்லாவரம் ஆயினமை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. தாம்பரம் என்பதனையும் தாமபுரம் என்னும் பழம்பெயரின் வழிவந்ததாகக் கூறுவர். வடபுறநகர் ஒன்றும் தென்புறநகர் இரண்டும் பெயர் அமைப்பில் இங்ஙனம் உறவுடையனவாய் நிற்றல் கருதத்தக்கது.

சோழவரத்தின் பெயரைச் சென்னை மக்கள் பெரிதும் அறிந்தது அதன் ஏரியாலேயாம். கொசத்தலையாற்று நீரைத் தாமரைப்பாக்கத்தில் மறித்து, சோழவரம் ஏரிக்குத் திருப்பி, அங்கிருந்து செங்குன்றம் ஏரி வழியாக நகருக்குக் கொணரும் குடிநீர்த் திட்டம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உருவாயிற்று. ஆகவே சோழவரம் நெடுங்காலம் நீருக்குப் பெயர்பெற்ற ஊர். அது வேகத்திற்குப் பெயர்பெற்றது உலகப் போரின் பின்னரேயாம்.

2. போர் தந்த தளம்

1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு 'எம்டன்' என்னும் செருமானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசிச் சென்றது. இரண்டாம் உலகப் போரிலோ அச்சம் வான்வழியாகவும் வந்தது. 1942 ஏப்ரல் 5-ஆம் நாள் கொழும்பும், 6-ஆம் நாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9-ஆம் நாள் திரிகோணமலையும் சப்பானியரின் தாக்குதலுக்கு உள்ளாயின. சென்னை மக்களுள் மிகப் பலர் நகரை விட்டு உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தனர்; அரசு அலுவலகங்களும் இடம் பெயர்ந்தன. 1943 அக்டோபரில் சப்பானிய விமானம் ஒன்று சென்னையின்மீதே குண்டு வீசிற்று.

இச்சூழலில் தமிழகத்தின் பல பகுதிகளில் விமான ஓடுதளங்கள் விரைந்து அமைக்கப்பட்டன. தாம்பரம், அரக்கோணம், சூலூர், உளுந்தூர்ப்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு ஆகிய ஊர்கள் இவ்வகையில் எண்ணத்தக்கன. சோழவரமும் அவற்றுள் ஒன்று. ஆங்கில வான்படையின் 27-ஆம், 47-ஆம் படைப்பிரிவுகள் 1944-இல் தம் பியூஃபைட்டர் விமானங்களோடு இங்குத் தங்கியிருந்தன. வங்கக் கடலைக் காத்தற்கு ஏற்ற இடமாக இது கருதப்பட்டமை இதனால் விளங்கும்.

1945-இல் போர் முடிந்தது. படை அகன்றது. எஞ்சியது நீண்டு அகன்ற கெட்டித்தளம். ஒன்றையொன்று சந்திக்கும் இரு ஓடுபாதைகளால் ஆகி, ஆங்கிலத்தின் 'டி' எழுத்தின் வடிவில் அது கிடந்தது. மேடு பள்ளமின்றி, மரமின்றி, வீடின்றிக் கிடந்த அத்தளமே பின்னாட் பந்தயத்திற்கு அடிப்படையாயிற்று.

3. மூன்று தளங்களின் மூன்று ஊழ்

சென்னையைச் சூழ்ந்த மூன்று ஓடுதளங்களின் பிற்கால வரலாற்றை ஒப்பு நோக்கின், சோழவரத்தின் தனித்தன்மை புலப்படும்.

முதலாவது மீனம்பாக்கம். சென்னை விமானச் சங்கம் 1930-இல் தோன்றியது. 1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து புறப்பட்ட டாட்டா நிறுவனத்தின் முதல் வான் அஞ்சல் பம்பாய் வழியாகச் சென்னை வந்தடைந்தது. போருக்கு முன்பே குடிமக்கள் வானூர்திகளுக்கு உரியதாய் வளர்ந்த மீனம்பாக்கம், போருக்குப் பின்னர் அப்பணியிலேயே பெருகிப் பன்னாட்டு விமான நிலையமாயிற்று.

இரண்டாவது தாம்பரம். போர்க்காலத் தளமாகிய இது விடுதலைக்குப் பின்னர் இந்திய வான்படையின் கையிலேயே நிலைத்தது. 1948-இல் அம்பாலாவில் தொடங்கப்பெற்ற விமானப் பயிற்சியாளர் பள்ளி 1954-இல் தாம்பரத்திற்கு வந்து சேர்ந்தது. பறக்கக் கற்பிப்போர்க்கே கற்பிக்கும் பள்ளி இது. ஆதலின் அத்தளத்தின் வானம் ஓய்வறியாதாயிற்று.

மூன்றாவது சோழவரம். இது பயணிகளுக்கும் உரியதாகவில்லை, பயிற்சிக்கும் உரியதாகவில்லை. நிலம் படைத்துறையின் உடைமையாக இருந்தது. நாள்தோறும் நிகழும் பயன்பாடோ இல்லை. உடையவர்க்கு உடனடித் தேவையில்லாத நிலம் என்னும் இந்நிலையே பந்தயத்திற்கு இடந்தந்தது. தாம்பரத்தில் வானூர்திகள் ஓயாது எழுந்திறங்கின. அங்கே பந்தயம் நிலைபெற இடமில்லை. சோழவரத்தில் வானூர்திகள் ஓய்ந்தன. பந்தயம் உள்ளே புகுந்தது.

இந்நிகழ்ச்சி தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் 1943-இற் போர் விமானத்தளமாகத் திறக்கப்பட்டு 1948-இற் பந்தயக் களமாயிற்று. குட்வுட் களமும் அவ்வாண்டிலேயே ஒரு விமானத்தளத்தின் சுற்றுப்பாதையில் எழுந்தது. அமெரிக்காவின் செப்ரிங் என்னும் களமும் படை விமானத்தளமாக இருந்ததேயாம். இலங்கையில் களுத்துறைக்கு அருகிலுள்ள கட்டுக்குருந்தைத் தளமும், கல்கத்தாவை அடுத்த பாரக்பூர் தளமும், பம்பாயின் ஜூஹு தளமும் பந்தயங்களுக்குப் பயன்பட்டன. இதற்கு மறுதலையாக, 1907-இற் பந்தயத்திற்கென்றே கட்டப்பெற்ற இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் களம் 1939-இற் போர் மூண்டதும் பந்தயத்தை முடித்துக்கொண்டு விமான உற்பத்திக்கு இடந்தந்தது. ஆடுகளத்தைப் போர் கொள்ளுதலும், போர்க்களத்தை ஆட்டம் கொள்ளுதலும் ஒரே நூற்றாண்டின் இரு முகங்கள் எனலாம்.

4. சங்கமும் பந்தயமும்

1953-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் என்னும் சங்கம் நிறுவப்பெற்றது. அதன் நிறுவனர்களுள் ஒருவர் இந்து சந்தோக். வாணிக நிறுவனங்களில் அலுவல் பார்த்த ஆங்கிலேயரும், மோட்டார்த் தொழிலில் ஈடுபட்ட இந்தியரும் கூடிச் செயற்பட்ட காலம் அது. இச்சங்கம் சோழவரம் ஓடுதளத்தில் நடத்திய பந்தயங்கள் 1950-களிலும் அடுத்த இருபதாண்டுகளிலும் அனைத்திந்தியச் சிறப்புப் பெற்றன. கல்கத்தா, பம்பாய், பெங்களூர், கோயம்புத்தூர் ஆகிய நகரங்களிலிருந்து ஓட்டுநர்கள் வந்தனர். இலங்கையிலிருந்து வந்தோரும் உண்டு. பின்னர் இத்தகைய சங்கங்களை ஒன்றிணைக்கும் இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு 1971-இல் உருவாயிற்று. அதன் தோற்றத்திலும் சென்னையார் பங்கு பெரிது.

பந்தய விழா பெரும்பாலும் பிப்ரவரித் திங்களில் நடைபெற்றது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கோடை வெம்மை தொடங்காத இடைக்காலம் அது. தளத்தின் வெம்மையும் இயந்திரத்தின் வெம்மையும் ஒருங்கே மிகுமாயின் டயர்களும் தடைக்கட்டைகளும் தாங்கா என்பதை எண்ணின், இக்காலத் தேர்வின் பொருத்தம் புலனாகும்.

அரச குடியினர் முதலாகப் பட்டறைத் தொழிலாளர் ஈறாகப் பல நிலையினரும் அங்குக் கூடினர். குஜராத்தின் கோண்டல் அரச குடும்பத்தார் விலையுயர்ந்த அயல்நாட்டு ஊர்திகளோடு வந்து போட்டியிட்டனர். 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா, ஃபார்முலா ஒன்று போட்டிக்கெனக் கட்டப்பெற்ற என்சைன் ஊர்தியைச் சோழவரத்தில் ஓட்டினார். ஆயின் இத்தகைய அரிய ஊர்திகளை மட்டும் கொண்டு ஆண்டுதோறும் ஒரு விழா நடத்தவியலாது. களத்தை நிறைத்தவை உள்நாட்டுக் கார்களும் மோட்டார் சைக்கிள்களுமேயாம். அவை எவ்வாறு வந்தன என்பதை அறியத் தெற்கே செல்லுதல் வேண்டும்.

5. பெருங்களத்தூரின் பங்கு

விடுதலைக்குப் பின்னர் அயல்நாட்டுக் கார்களின் இறக்குமதி மிகவும் கட்டுப்படுத்தப்பட்டது. 1953-இல் சுங்கவரிக் குழு பரிந்துரைத்தவாறு, உறுப்புகளை உள்நாட்டிலேயே படிப்படியாகச் செய்யும் திட்டமுடைய நிறுவனங்களே தொழிலில் நீடிக்கலாம் என்னும் நிலை ஏற்பட்டது. அயல்நாட்டுப் பந்தயக் கார் ஒன்றை விலைகொடுத்துப் பெறுதல் எளிதன்று. பெற்றாலும் அதற்கு மாற்றுறுப்புக் கிடைத்தல் அரிது. இக்கட்டுப்பாடே சென்னை ஓட்டுநர்களைக் கைத்திறன் நோக்கித் திருப்பியது.

தாம்பரத்திற்குத் தெற்கே, வண்டலூருக்கு அண்மையில், பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இயங்கியது. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1948-இல் தொடங்கிய முயற்சி இது. வான்கார்டு, டென் ஆகிய கார்களைத் தந்த இந்நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு காரைத் தந்தது; 1972-இல் கெசல் வந்தது; 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது; 1988-இல் உற்பத்தி நின்றது.

இவற்றுள் ஹெரால்டு பந்தய வரலாற்றிற் குறிப்பிடத்தக்கது. அக்காலத்துக் கார்கள் பலவற்றில் மேற்கூடும் அடிச்சட்டமும் ஒன்றாய்ப் பிணைந்திருந்தன. ஹெரால்டிலோ அடிச்சட்டம் தனியே அமைந்திருந்தது. மேற்கூட்டைக் கழற்றியெடுத்த பின்னும் சட்டமும் எஞ்சினும் சக்கரமும் தம்முட் சேர்ந்து நிற்கும். ஆகவே தகட்டு வேலையும் பற்றவைப்பும் அறிந்த ஒருவர், பழைய ஹெரால்டு ஒன்றைக் கொண்டு எடை குறைந்த பந்தய ஊர்தியைக் கட்டிக்கொள்ள இயன்றது. குடும்பத்தோடு கோயிலுக்குச் செல்லுதற்கென ஜி.எஸ்.டி. சாலையோரத்தில் உருவான கார், ஜி.என்.டி. சாலையோரத்தில் வேகப்போருக்கு உரியதாயிற்று.

வடபுறமும் இவ்வகையில் வறியதன்று. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவை நிறுவியது. திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிள் உருவாயிற்று. அதே திருவொற்றியூரில் 1946-இற் பலூன் செய்யும் சிறு கூடமாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பின்னர் டயர்த் தொழிலிற் பெருகி, 1980-களிலிருந்து மோட்டார் விளையாட்டுகளைப் பேணும் நிறுவனமாகவும் விளங்கியது. நகருக்குள் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் புதுப்பேட்டையும் உதிரி உறுப்புகளுக்குப் பெயர்பெற்றன. தெற்கே கார், வடக்கே மோட்டார் சைக்கிளும் டயரும், நடுவே உதிரி உறுப்பு என மூன்றும் ஒரு நாட்பயணத்திற்குள் அமைந்த நகரம் சென்னை. சோழவரம் நெடுங்காலம் நிலைத்தமைக்கு ஓடுதளம் ஒரு காரணமாயின், இத்தொழிற்சூழல் மற்றொரு காரணமாகும்.

6. களத்தின் வடிவும் ஓட்டத்தின் இயல்பும்

களத்தின் வடிவம் அதில் நிகழும் ஆட்டத்தின் இயல்பை வரையறுக்கும். ஆங்கிலத்தில் 'ஸ்பீட்வே' என்னும் சொல், வட்டமாகவோ நீள்வட்டமாகவோ அமைந்து, சாய்ந்த கரைகளையுடைய தடங்களுக்கு முதலில் வழங்கியது. 1909-இல் அமெரிக்காவில் எழுந்த இண்டியானாபொலிஸ் களம் அவ்வகையினது. அதற்குள் ஊர்தி ஒரே பக்கமாக வளைந்து சுழலும். விமான ஓடுதளத்தில் அமையும் தடமோ வேறு. நேராக நீண்டு கிடக்கும் பாதையில் ஒரு புறமாகச் சென்று, கோடியில் கொண்டையூசி போல் வளைந்து, மறுபுறமாக மீளுதல் அதன் அடிப்படை. இடையிடையே வைக்கோற் கட்டுகளையும் பீப்பாய்களையும் டயர்களையும் நிறுத்தித் திருப்பங்களை உண்டாக்குவர். விழா முடிந்ததும் அவற்றை அகற்றின், தளம் பழைய தளமே.

இவ்வடிவால் விளைந்தன இரண்டு. நெடிய நேர்ப்பாதை எஞ்சினின் உச்ச வேகத்தைச் சோதித்தது. அதன் முடிவிலுள்ள குறுகிய திருப்பம் தடையின் வலிமையையும் பற்சக்கர மாற்றத்தின் திறத்தையும் சோதித்தது. விரைந்து செல்லுதல் எஞ்சினைச் செப்பம் செய்தவரின் புகழ். எவ்விடத்தில் வேகத்தை அடக்குவது என அறிதல் ஓட்டுபவரின் புகழ். அகநானூற்று முல்லைப் பாடல்களில் தலைவன் தேர்ப்பாகனின் திறத்தைப் பாராட்டும் இடங்களைக் கற்றோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. அங்கே விரைவு வீட்டை நோக்கியது. காத்திருக்கும் ஒருத்தியைக் கருதியது. சோழவரத்தில் விரைவு சென்று சேரும் ஊர் ஏதுமில்லை. புறப்பட்ட கோட்டுக்கே திரும்பியது. வேகத்தை வேகத்தின் பொருட்டே மதித்தல் தமிழ்நிலத்திற்கு இயந்திர காலம் கொணர்ந்த புதுமையாகும்.

சமதளமாகக் கிடந்த இக்களத்தில் இயற்கை அரண் ஏதுமில்லை. பிற்காலத்தில் விதிக்கப்பெற்ற சரளைப் படுகைகள், இரும்புத் தடுப்புகள், மதிற்சுவர்கள் ஆகியவற்றை இரவல் நிலத்தில் நிலையாகக் கட்டவும் இயலாது. வேகம் மிகமிகப் பாதுகாப்பின் தேவையும் மிகுந்தது. இரவற் களத்தின் எல்லை இதனாற் புலப்படலாயிற்று.

7. இருங்காட்டுக்கோட்டைக்குப் பெயர்ச்சி

1980-களின் பிற்பகுதியில் சங்கம் தனக்கென நிலம் கொண்டு தடம் அமைக்கும் முயற்சியில் இறங்கியது. சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில், திருப்பெரும்புதூருக்கு அண்மையிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில், 1990-இற் புதிய பந்தயத் தடம் திறக்கப்பெற்றது. அதன் முழு நீளம் 3.717 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவுகள் உடையது. சோழவரத்தின் பந்தயக் காலம் இதனோடு முடிவுற்றது.

இருங்காட்டுக்கோட்டை என்னும் பெயரில் 'இரும்' என்னும் பழைய உரிச்சொல் பெருமைப்பொருளும் கருமைப்பொருளும் தந்து நிற்றலைக் காண்க. பெருங்காடு எனப் பொருள்தரும் ஊர்ப்பெயர், முதலிற் பந்தயத்திற்கும் அடுத்துக் கார்த்தொழிலுக்கும் அடையாளமாயிற்று. 1996-இல் நிறுவப்பெற்ற ஹூண்டாய் இந்தியா 1998-இல் இவ்விடத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாகத் திருப்பெரும்புதூருக்குச் செல்லும் சாலையும், வண்டலூரிலிருந்து ஒரகடம் வழியாக வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையும் தென்புறநகர்களை இப்புதிய தொழில்நிலத்தோடு பிணைத்தன. தெற்கே மறைமலைநகரில் ஃபோர்டு நிறுவனம் 1990-களின் இறுதியில் எழுப்பிய ஆலை 2022 வரை கார்களைச் செய்தது. பெருங்களத்தூர் ஆலை மூடப்பட்டபின் பத்தாண்டுகள் கழியுமுன்னரே, அதே திசையில் அதனினும் பன்மடங்கு பெரிய கார்த்தொழில் எழுந்தமை எண்ணத்தக்கது. வடக்குச் சாலையினின்று மேற்குச் சாலைக்குப் பந்தயம் பெயர்ந்ததும், தென்மேற்கிற் கார்த்தொழில் வேரூன்றியதும் ஒரே பத்தாண்டின் எல்லையில் நிகழ்ந்தன. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று கூறுதற்கில்லை. இரண்டும் நகரின் வளர்ச்சி திரும்பிய திசையைக் காட்டுவன என்று கூறலாம்.

சோழவரத்தின் இறுதிக் காலத்தில் விளங்கிய கோயம்புத்தூர்க் கலைஞர் எஸ். கரிவரதன். 796 கன செண்டிமீட்டர் கொள்ளளவுடைய மாருதி எஞ்சினைக் கொண்டு அவர் உருவாக்கிய ஒற்றை இருக்கை ஊர்தி, 1988-இல் ஃபார்முலா மாருதி என்னும் போட்டி வகையைத் தோற்றுவித்தது. எல்லார்க்கும் ஒரே வகை ஊர்தி என்னும் விதியால் செல்வரின் மேலாண்மை குறைந்து ஓட்டுநரின் திறம் முன்னின்றது. 1995-இல் விமான விபத்தொன்றில் அவர் மறைந்தார். அவர் பெயரால் 2003-இற் கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் திறக்கப்பெற்ற கரி மோட்டார் ஸ்பீட்வே, சிறு விமானங்களுக்குரிய ஓடுதளம் இருந்த நிலத்திலேயே எழுந்தது. விமானத்தளத்திற்கும் பந்தயத்திற்கும் உள்ள பழைய உறவு இங்கும் தொடர்ந்தது.

2005-இல் ஃபார்முலா ஒன்று போட்டியிற் கலந்துகொண்ட முதல் இந்தியர் நாராயண் கார்த்திகேயன். சென்னையிற் பிறந்து கோயம்புத்தூரில் வளர்ந்தவர். 2010-இல் அப்போட்டியிற் புகுந்த கருண் சந்தோக், சோழவரப் பந்தயத்தை வளர்த்த இந்து சந்தோக்கின் பேரர். களம் அழியினும் அது வளர்த்த குடிவழி அழியவில்லை என்பதற்கு இது சான்று.

8. சொல்லும் சான்றும்

இனி, இவ்வரலாற்றுக்குத் தமிழிற் கிடைக்கும் சான்றுகளைக் கருதுவோம். 'பந்தயம்' என்னும் சொல் தமிழில் இருபொருள் தருவது. 'பந்தயம் கட்டுதல்' என்புழிப் பணயப் பொருள். 'ஓட்டப் பந்தயம்' என்புழிப் போட்டிப் பொருள். கிண்டிக் குதிரைப் பந்தயத்தில் இவ்விரு பொருளும் கலந்தே நின்றன. 1974-இல் அதனை ஒழிக்கத் தமிழக அரசு சட்டம் இயற்றியதும், 1996-இல் குதிரைப் பந்தயம் திறம் சார்ந்ததென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அக்கலப்பின் விளைவுகளே. சோழவரத்திலோ பணயப் பொருள் நீங்கிப் போட்டிப் பொருளே தலைமை பெற்றது. எனினும் மக்கள் அதனைச் 'சோழவரம் ரேஸ்' என்றே வழங்கினர். புதியதொரு பொருளுக்குப் பழஞ்சொல்லைக் கொள்ளாது வேற்றுச் சொல்லைக் கொண்டமைக்குப் பழஞ்சொல்லில் ஒட்டியிருந்த பணயப் பொருளும் ஒரு காரணமாகலாம் என்பது எம் கருத்து.

பந்தயம் நடத்தினோரின் விதிகளும் பதிவேடுகளும் ஆங்கிலத்தில் அமைந்தவை. அவற்றில் ஓட்டுநர் பெயரும் ஊர்தியின் பெயரும் நேரக் கணக்கும் கிடைக்கும். ஊர்தியைக் கட்டியவர் பெயர் அவற்றிற் காணப்படுதல் அரிது. அரத்தால் தேய்த்தவர், தகடு தட்டியவர், எஞ்சினின் ஒலியைச் செவியால் அளந்து செப்பம் செய்தவர், வேலியோரம் நின்று கண்ட சிற்றூர் மக்கள் ஆகியோர் தமிழிற் பேசினர், தமிழில் வியந்தனர், தமிழிலேயே தொழில் கற்பித்தனர். அவர்தம் பேச்சு ஏட்டில் ஏறவில்லை. சோழவரத்தின் வரலாற்றில் தமிழ்ப்பகுதி வாய்மொழியாகவே உள்ளது என்பது இதன் பொருள். 1960-இல் இருபது அகவையினராய்ப் பட்டறையில் உழைத்தவர் 1990-இல் ஐம்பதைக் கண்டிருப்பர்; இன்று எண்பதைக் கடந்திருப்பர். ஆகவே இச்சான்று நெடுநாள் நமக்காகக் காத்திராது.

நாட்டார் பாடலையும் கழனிச் சொற்களையும் ஊர் ஊராகச் சென்று தொகுத்த தமிழ்த்துறைகள், பட்டறைச் சொற்களையும் அவ்வாறே தொகுத்தல் வேண்டும். எஞ்சினின் நோய்களுக்குத் தொழிலாளர் இட்ட பெயர்கள், அளவுகளைக் கைவிரலாற் சுட்டிய முறைகள், ஆங்கிலச் சொற்களைத் தம் நாவிற்கேற்பத் திரித்த வகைகள் ஆகியன மொழியியலார்க்கு நல்ல விருந்தாகும். பெருங்களத்தூர், குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகிய இடங்களில் ஆலைப்பணி செய்து ஓய்வு பெற்றோர் இவ்வாய்வுக்கு உதவ வல்லவர். முதுகலை மாணவர் ஒருவர் ஓராண்டு முயன்றால் இவற்றுள் ஒரு பகுதியையேனும் காத்தல் கூடும்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் போதருவன வருமாறு: சோழவரம் பந்தயக் களம் போரால் அமைந்து, போர் விட்டுச்சென்றமையால் ஆட்டத்திற்கு வாய்த்தது. தாம்பரமும் மீனம்பாக்கமும் தத்தம் பணியில் நிலைத்தமையும் சோழவரம் பணியற்று நின்றமையுமே இதற்குக் காரணம். இறக்குமதிக் கட்டுப்பாடு ஓட்டுநரைப் பட்டறைக்கு அனுப்பியது. தென்புறநகர் ஆலையும் வடபுறநகர் ஆலைகளும் பட்டறைக்குப் பொருள் தந்தன. நிலம் இரவலாதலின் நிலையான கட்டடம் எழவில்லை; ஆகவே களம் கைவிடப்பட்டபோது அடையாளமும் எஞ்சவில்லை.

2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் சென்னைத் தீவுத்திடலைச் சூழ்ந்த நகரச் சாலைகளில், ஏறத்தாழ 3.5 கிலோமீட்டர் நீளமுள்ள தடத்தில், ஃபார்முலா நான்கு பந்தயம் விளக்கொளியில் இரவில் நடைபெற்றது. பந்தயம் முடிந்ததும் தடுப்புகள் அகற்றப்பட்டன; பேருந்துகள் வழக்கம்போல் ஓடின. இரவற் களம் என்னும் முறை சோழவரத்தோடு முடிந்துவிடவில்லை என்பதை இது உணர்த்தும். சொந்த நிலத்தில் எழுந்த களம் தன் வரலாற்றைத் தானே ஓரளவு காத்துக்கொள்ளும். அதன் மதிலும் மேடையும் சான்று பகரும். இரவல் நிலத்தில் நிகழ்ந்த ஆட்டத்திற்கோ அதனைக் கண்டோர் நினைவும் எழுதுவோர் ஏடும் அன்றி வேறு சான்றில்லை. கல்லில் எழுதப்பெறாத களத்தைச் சொல்லில் எழுதி நிறுத்துதல் நம் கடன். களம் பாடிய புலவர் மரபில் வந்தோர்க்கு அக்கடன் புதியதன்று.